சாலை உப்பும் காரின் துருவும்: எண்ணெயா, கம்பளிக் கொழுப்பா, மெழுகா, தார்ப்பூச்சா?

பனி விழும் நாடுகளில் ஒரு காரின் ஆயுளை முடித்துவைப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, அடிப்பாகத்துத் துருதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுக்குக் கீழே ஓடும் சில் ஓட்டையாகிறது, பிரேக் பைப் கசிகிறது, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடம் பொடிகிறது. இதைத் தடுக்க விற்கப்படும் வழிகள் ஏழெட்டு இருக்கின்றன. சில நன்றாக வேலை செய்கின்றன. சில புது வண்டிக்கு மட்டும் பொருந்தும். ஒன்றிரண்டு தீமையே செய்கின்றன. எதை எதற்காகத் தேர்வது என்று பார்ப்பதற்கு முன், உப்பு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பூச்சுகளின் பலமும் பலவீனமும் அதிலிருந்தே விளங்கும்.

சாலையில் பெரும்பாலும் தூவப்படுவது சோடியம் குளோரைடு. அதன் 23.3 சதவீதக் கரைசல் −21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஆனால் −10 டிகிரியை நெருங்கும்போதே அது பனியை உருக்கும் வேகம் படுத்துவிடும். ஆகவே கடுங்குளிர் நாட்களில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். காருக்குப் பெரிய எதிரிகள் இவைதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உலர்ந்துவிடும். இவை இரண்டும் அறை வெப்பநிலையில் 30 முதல் 35 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகவே இருக்கும். மழையும் இல்லை, பனியும் இல்லை, கார் கூரைக்கடியில் நிற்கிறது. ஆனாலும் அதன் அடிப்பாகம் வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும்.

துரு ஒரு மின்வேதி வினை. எஃகின் ஒரு புள்ளியில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை ஏற்கிறது, இடையிலுள்ள நீர் மின்சுற்றை மூடுகிறது. சுத்தமான நீர் மின்சாரத்தை மோசமாகக் கடத்துவதால் வினை மெல்ல நடக்கும். உப்புநீர் நன்றாகக் கடத்தும். அதோடு குளோரைடு அயனி, உலோகத்தின் மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தை உடைத்துக்கொண்டு பெயின்டுக்கு அடியிலும் நுழைகிறது. உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் பெயின்ட் கொப்புளித்து உயர்ந்து, அடுத்த சொட்டு உப்புநீருக்கு வழி திறக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேதிவினைகள் வெப்பத்தில் வேகம் பிடிக்கும். −15 டிகிரியில் வெளியே நிற்கும் உப்பேறிய காரில் துரு மெதுவாகத்தான் நகரும். அதே காரைக் கழுவாமல் சூடேற்றிய கேரேஜில் விட்டால், பனிக்கட்டி உருகி உப்புநீராகி இடுக்குகளில் இறங்கும், வினைக்கு வேண்டிய வெப்பமும் கிடைக்கும். சூடான கேரேஜ் இருந்தால் உள்ளே விடுமுன் அடிப்பாகத்தை அலச வேண்டும். அலச முடியாத நாளில் வெளியே நிறுத்துவதே மேல்.

துரு எங்கே தொடங்குகிறது

வெளியே தெரியும் பேனல்கள் இன்று பெரும்பாலான கார்களில் துத்தநாகம் பூசிய எஃகு. அதற்கு மேல் மின்முறையில் படியவைத்த பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். கல் பட்டுச் சிராய்த்தாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைச் சிறிது காலம் காக்கும். ஆகவே வெளிப் பேனல்களைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் கீழே குனிந்து பார்ப்பதே முக்கியம். சப்ஃபிரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் துணைச் சட்டம்), கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பெட்ரோல் டேங்க்கைத் தாங்கும் பட்டைகள், பெட்ரோல் ஊற்றும் குழாய், பிரேக் பைப்புகள் ஆகியவை பல வண்டிகளில் வெறும் கறுப்புப் பெயின்ட் அடித்த எஃகுதான்.

இவற்றைவிட மோசமானவை உட்கூடுகள், அதாவது தகடுகளுக்கு நடுவே மூடிக் கிடக்கும் வெற்றிடங்களும் மடிப்புகளும். சில், கதவின் அடிவிளிம்பு, டிக்கிக் கதவின் மடிப்பு, பின் சக்கர வளைவின் உள்மடிப்பு, பிக்கப் வண்டியின் பெட்டி வடிவச் சேசிஸ். முன் சக்கரத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் லைனர் மறைத்திருக்கும் பையில் இலையும் மண்ணும் அடைந்து, உப்பைக் கோடைவரை ஈரமாக வைத்திருக்கும். தொழிற்சாலைப் பூச்சு மட்டும் எல்லாவற்றையும் காக்கும் என்று நம்ப முடியாது. டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில் 2016இல் டொயோட்டா அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை சொல்லப்பட்டது.

எனவே ஒரு பூச்சை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். கண்ணுக்குத் தெரியாத மடிப்புக்குள் அது போய்ச் சேருமா? கல் பட்டுக் கிழிந்தால் தானாக மூடிக்கொள்ளுமா?

கழுவுதல் மட்டும்

எந்தப் பூச்சும் இல்லாமல் கழுவியே காப்பாற்றுவது செலவில்லாத வழி. ஓரளவு பலனும் உண்டு. 2015இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக் பைப் துருவை ஆராய்ந்து முடித்தபோது, அடிப்பாகத்தை நன்றாக அலசுங்கள், பைப்புகளைத் தவறாமல் பாருங்கள் என்றுதான் வண்டிக்காரர்களுக்கு அறிவுரை சொன்னது.

ஆனால் கழுவுவதிலும் பிழை நேரும். நெருக்கத்தில் பிடித்த உயர் அழுத்த நீர், உப்புக்கரைசலை மடிப்புகளுக்குள் தள்ளிவிடும். குறைந்த அழுத்தத்தில் நிறைய நீர் என்பதே சரி. புல்வெளிக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் காரடியில் வைத்து ஒவ்வோர் இடத்திலும் 10, 15 நிமிடம் ஓடவிட்டால் நன்றாக அலசும். தானியங்கிக் கழுவுமிடங்கள் சில, நீரைச் சுழற்றிப் பயன்படுத்துகின்றன. சாதாரண வடிகட்டி மண்ணைப் பிடிக்குமே தவிர, கரைந்த உப்பைப் பிடிக்காது. கடைசி அலசல் நல்ல நீரில்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பம் பூச்சியத்துக்கு மேல் வரும் நாளாகப் பார்த்துக் கழுவி, கதவு ரப்பர்களைத் துடைத்துவிட்டால் இரவில் கதவு ஒட்டி உறையாது.

மடிப்புக்குள் புகுந்த உப்பைக் கழுவி எடுக்க முடியாது என்பதே இந்த வழியின் எல்லை. மூன்றாண்டுக் குத்தகையில் எடுத்த புது வண்டிக்கு இது போதும். பத்தாண்டு வைத்துக்கொள்ளப்போகும் வண்டிக்குப் போதாது.

தார், ரப்பர் அண்டர்கோட்டிங்

வண்டி வாங்கும்போதே விற்பனையகத்தில் அடித்துத் தருவதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். கறுப்பாக, தடிமனாக, காய்ந்து இறுகும் பூச்சு. பார்க்க உறுதியாகத் தெரியும், சத்தத்தையும் குறைக்கும். சுத்தமான புது உலோகத்தின் மேல் அடித்தால் கல்லடியைத் தாங்கும்.

காலம் போகப் போக அது காய்கிறது. குளிரில் சுருங்குகிறது, கல் பட்டு விரிகிறது, விளிம்பில் உலோகத்தை விட்டுப் பிரிகிறது. அந்த மயிரிழை இடைவெளியில் உப்புநீர் ஏறினால் வெளியே வர வழியில்லை. பூச்சுக்கடியில் ஆக்சிஜன் குறைவு, வெளி விளிம்பில் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு மின்கலமாகி, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியைக் கரைக்கிறது. திறந்து கிடக்கும் உலோகத்தைவிட மூடிக் கிடக்கும் உலோகம் வேகமாகப் போவது இதனால்தான். பல ஆண்டு கழித்து ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தால் கறுப்புத் தோல் மட்டும் முழுசாக இருக்கும், தகடு இருக்காது. ஏற்கெனவே துரு தொட்ட வண்டியில் இதை அடிப்பது, துருவை மறைத்து வளரவிடுவதாகும். பழைய காருக்கு யார் இதைப் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஈரத்தால் இறுகும் யூரித்தேன் பெயின்ட், எபாக்சி போன்ற கெட்டிப் பூச்சுகளுக்கு இடம் உண்டு. ஆனால் கழற்றி எடுத்த சப்ஃபிரேமையோ ஆக்ஸிலையோ மணல் வீசிச் சுத்தம் செய்து, எல்லாப் பக்கமும் அடிக்க முடியும்போது மட்டும். துருமாற்றி திரவங்களின் நிலையும் இதுதான். டானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் மெல்லிய துருவை நிலையான சேர்மமாக மாற்றும். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல்தோலை மட்டுமே அவை மாற்றும். அதன் மேல் வேறொரு பூச்சு கட்டாயம் வேண்டும்.

மின்னணுக் கருவிகள்

பேட்டரியில் மாட்டினால் துரு வராது என்று விற்கப்படும் சிறு பெட்டிகளை விட்டுவிடலாம். கப்பலின் அடிப்பாகத்தையும் மண்ணில் புதைந்த குழாயையும் மின்னோட்டத்தால் காப்பது உண்மையான தொழில்நுட்பம். அங்கே உலோகமும் மின்முனையும் ஒரே தொடர்ச்சியான ஈர ஊடகத்தில் மூழ்கியிருக்கின்றன. கார் காற்றில் நிற்கிறது. அதன் மேல் அங்கங்கே திட்டுத்திட்டாக ஈரம் இருக்கிறதே தவிர, மின்சுற்றை மூட ஒன்றுமில்லை. இவ்வகைக் கருவி ஒன்றின் விளம்பரங்கள் மீது 1990களிலேயே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

எண்ணெய், கம்பளிக் கொழுப்பு, மெழுகு

உண்மையான போட்டி இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

துருத்தடுப்பு எண்ணெய் மெல்லியது. நீரைத் தள்ளிவிட்டு உலோகத்தைப் பற்றும் சேர்மங்கள் அதில் கலந்திருக்கும். இரண்டு தகடுகள் ஸ்பாட் வெல்ட் ஆன மடிப்பில் அது தானாக ஊர்ந்து ஏறும். ஏற்கெனவே உள்ள துருவிலும் ஊறி ஆக்சிஜனை மறிக்கும். பழைய வண்டிக்கு இதை மிஞ்சியது கிடையாது. குறைகளும் தெளிவு: ஒன்றிரண்டு நாள் சொட்டும், தளத்தில் கறை விழும். சக்கரம் நீரை வாரி அடிக்கும் இடங்களில் பனிக்காலம் முடியுமுன்பே கழுவிப் போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் அடிக்க வேண்டும். ஓராண்டு தவறினாலும் காப்பு போய்விடும். செலவை மிச்சம்பிடிக்க எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஆயிலை அடிப்பவர்கள் உண்டு. அதில் எரிப்பில் உண்டான அமிலங்களும் நஞ்சும் இருக்கின்றன. உலோகத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

கம்பளிக் கொழுப்பு, அதாவது லானோலின், ஆட்டுரோமத்திலிருந்து எடுப்பது. ஃபுளூயிட் ஃபிலிம், வுல்வாக்ஸ் போன்றவை இந்த வகை. கரைப்பான் இல்லை, காய்வதே இல்லை, எண்ணெயைவிடக் கெட்டி. கல் பட்டுக் கிழிந்த இடத்தை மெல்ல மூடிக்கொள்ளும். அடித்தட்டு, சப்ஃபிரேம், சேசிஸின் வெளிப்பக்கம் ஆகியவற்றில் ஒரு பனிக்காலத்தைத் தாராளமாகத் தாண்டும். மடிப்புக்குள் ஊர்வதில் எண்ணெய்க்கு ஒரு படி கீழேதான். முதல் சில வாரங்களுக்கு ஆட்டுவாடை இருக்கும். மூக்கு கூசுபவர்கள் அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மெழுகு கரைப்பானில் கரைந்து வரும். அடித்த பிறகு கரைப்பான் ஆவியாகி மெழுகுப் படலம் நிற்கும். டினிட்ரால், வாக்ஸாயில் போன்ற பெயர்கள் ஐரோப்பாவில் பழக்கமானவை. உட்கூடுகளுக்கான மெழுகு மென்மையாகவே இருக்கும், அங்கே கல்லும் நீர்வீச்சும் படாததால் பல ஆண்டு நிற்கும். அடித்தட்டுக்கான மெழுகு கெட்டி. அது குளிரில் விரிசல் விடக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் பார்த்துப் பழுதுபார்க்க வேண்டும். மெழுகுக்குச் சுத்தமான, முற்றிலும் உலர்ந்த உலோகம் தேவை. துருவின் மேலும் ஈரத்தின் மேலும் அடித்தால் தார்ப்பூச்சின் கதைதான்.

ஆகவே புது வண்டி, நெடுநாள் வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால், முதல் பனிக்காலத்துக்கு முன்பே உட்கூடுகளில் மெழுகும் அடிப்பாகத்தில் கம்பளிக் கொழுப்பும் அடிப்பது என் தேர்வு. மெழுகு பல ஆண்டுக்கு ஒருமுறை, கொழுப்பு ஆண்டுதோறும். மெழுகு அடிக்காமலே ஐந்தாறு பனிக்காலம் கண்ட வண்டி என்றால் மெழுகை மறந்துவிடலாம். உட்கூடுகளில் எண்ணெய், வெளிப்பக்கத்தில் கம்பளிக் கொழுப்பு, இரண்டும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும். காய்ந்த மெழுகின் மேல் எண்ணெய் அடித்தால் மெழுகு இளகும். புது வண்டியில் தொடங்கிய முறையை நடுவில் மாற்றாமல் இருப்பது நல்லது.

ஓட்டை விழுந்த வண்டிக்கு இவை எதுவும் மருந்தல்ல. சிறு சுத்தியலால் சில்லையும் சேசிஸையும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், போன தகடு பொத்தென்று கேட்கும். வெல்டிங் வேலை இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கூட்டில் வெல்ட் வைத்தால் தீப்பிடிக்கும், வெல்டும் பிடிக்காது.

வீட்டிலேயே அடிப்பதென்றால்

ஒரு நாள் கழுவ, ஒன்றிரண்டு நாள் உலர, ஒரு நாள் அடிக்க என்று ஒதுக்குங்கள். உப்பு தூவத் தொடங்குமுன், உலோகம் 15 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களே ஏற்றவை. சக்கர லைனர்களைக் கழற்றி அடைந்த மண்ணை அள்ளி எடுங்கள், அடிப்பாகத்தை அலசுங்கள், தளர்ந்த துருவை வயர் பிரஷால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். சில்லின் அடியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் உள்ள வடிகால் துளைகளைப் பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட ஒரு துளை போதும், சில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

சிறிய காருக்கு இரண்டரை முதல் 3 லிட்டர் வரை ஆகும், பெரிய எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் 4 லிட்டர். இதில் மூன்றில் ஒரு பங்கு உட்கூடுகளுக்கே போக வேண்டும். வெளியே தாராளமாக அடித்துவிட்டு உள்ளே கஞ்சத்தனம் செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. கம்ப்ரஸரில் 4 முதல் 6 பார் அழுத்தம் போதும். சுற்றிலும் தெளிக்கும் நுனி உள்ள நெகிழ்குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். கம்பளிக் கொழுப்பு கெட்டியாக இருந்தால், டப்பாவை வெந்நீரில் வைத்து 25, 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இளகித் தெளியும்.

காரை ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பிரேக் டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். டிஸ்க்கில் பட்டுவிட்டால் பிரேக் கிளீனரால் துடைக்காமல் ஓட்டக் கூடாது. எக்ஸாஸ்ட் முழுவதையும் தவிருங்கள், அது குளிர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் பெல்ட்டுகள், ஆக்சிஜன் சென்சாரின் கனெக்டர், பார்க்கிங் சென்சார்கள், ரப்பர் புஷ்கள் ஆகியவற்றிலும் படக் கூடாது. கனிம எண்ணெய் சில ரப்பர்களை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். சக்கர நட்டு ஏறும் வீல் ஸ்டட்களில் எண்ணெய் பட்டால், குறித்த முறுக்கில் இறுக்கினாலும் நட்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். மின்கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், அவற்றின் இணைப்புகள், பேட்டரிப் பெட்டியின் மூச்சுத்துளைகள் பக்கமே போக வேண்டாம்.

முதலில் உட்கூடுகள். தொழிற்சாலையே விட்ட துளைகளின் ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயைக் கடைசிவரை செலுத்தி, தெளித்துக்கொண்டே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். சில்லுக்கு இரண்டு முனையிலிருந்தும். வடிகால் துளையில் சொட்டு வரும்போது போதும் என்று பொருள். புதுத் துளை போடுவதைத் தவிருங்கள். டிரில் செய்த விளிம்பில் துத்தநாகமும் இல்லை, பிரைமரும் இல்லை. துரு உத்தரவாதத்தையும் அது பாதிக்கலாம். அந்த உத்தரவாதமே பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்தால்தான் செல்லும், மேல்துருவுக்குச் செல்லாது. கதவுகளுக்கு, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக் கீழ்விளிம்பின் துளை வழியாக அடிக்கலாம்.

பிறகு அடிப்பாகம். தகடுகள் சந்திக்கும் மடிப்புகள், பிரேக் பைப்புகளும் அவற்றைப் பிடிக்கும் கிளிப்புகளும், டேங்க்கின் பட்டைகள், ஸ்பிரிங் தட்டுகள். கிளிப்புக்குள்தான் பைப் முதலில் துருப்பிடிக்கும், ஆகவே அங்கே இருமுறை தெளிக்கலாம். பைப்பை மாற்ற நேர்ந்தால் எஃகுக்குப் பதில் செம்பு–நிக்கல் கலவைப் பைப்பைக் கேளுங்கள். அது உப்பைப் பொருட்படுத்தாது, வளைக்கவும் எளிது. முடித்ததும் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று மீண்டும் பாருங்கள். கரைப்பான் உள்ள மெழுகு என்றால் ஒரு நாள் முழுதும் காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும்.

பனிக்காலத்தின் நடுவில் ஒருமுறை சக்கர வளைவுகளைப் பார்த்து, கழுவிப்போன இடத்தில் ஏரோசால் டப்பாவால் மறுபூச்சு கொடுத்தால் போதும். காருக்குள்ளும் கவனம் வேண்டும். காலணியோடு வரும் உப்புப்பனி உருகிக் கார்பெட்டில் ஊறினால் தரைத்தகடு உள்ளிருந்தே போகும். ஓரம் உயர்ந்த ரப்பர் தட்டு போட்டு, தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். பனி டயர் மாற்றும்போது ஜாக் வைக்கும் மடிப்பில் பூச்சு நசுங்கிப் பெயின்டும் பெயர்ந்திருக்கும். பெரும்பாலோர் கவனிக்காத இடம் அது. சக்கரத்தை மாட்டி இறக்கிய கையோடு அந்த நான்கு இடங்களிலும் கொஞ்சம் கம்பளிக் கொழுப்பைத் தடவிவிடுங்கள்.